ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யார் கையில்?

டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் 2016 நவம்பர் தொடக்கத்தில் வங்காளத்துக்கும் குஜராத்துக்கும் இடையே நடக்கவேண்டியிருந்த ரஞ்சிக் கோப்பை ஆட்டம் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டது. மழை பெய்யவில்லை, ஆடுகளத்திலும் குறை ஏதும் இல்லை. தீபாவளி கழிந்த சில நாள்களில் நகரை மூடிக்கொண்ட புகைமூட்டத்தில் வீரர்களுக்குக் கண் எரிச்சலும் தலைவலியும் உண்டாகவே, காத்திருந்து பார்த்தபின் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். அதே நாள்களில் டெல்லி கர்னைல் சிங் மைதானத்தில் நடக்கவிருந்த ஐதராபாத்–திரிபுரா ஆட்டத்துக்கும் அதே கதி நேர்ந்தது.

ஓராண்டு கழித்து, 2017 டிசம்பரில், அதே கோட்லாவில் இந்தியாவும் இலங்கையும் டெஸ்ட் ஆட்டத்தில் மோதின. இரண்டாம் நாளான டிசம்பர் 3 அன்று இலங்கை வீரர்கள் பலர் முகக்கவசம் அணிந்து களத்தில் நின்றார்கள். வேகப்பந்து வீச்சாளர்களான லஹிரு கமகேயும் சுரங்க லக்மாலும் வெளியேற, ஆட்டம் திரும்பத் திரும்பத் தடைபட்டது. விராட் கோலி 243 ஓட்டங்களில் ஆட்டமிழந்த சிறிது நேரத்தில், 7 விக்கெட்டுக்கு 536 என்ற நிலையில் இந்தியா தன் முதல் இன்னிங்ஸை முடித்துக்கொண்டது. நான்காம் நாள் லக்மால் களத்திலேயே வாந்தி எடுத்தார். ஆனாலும் ஐந்து நாள் ஆட்டமும் நடந்து, வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

இரண்டு ஆண்டுகளின் மாசு அளவும் ஒன்றல்ல என்பது உண்மை. 2016 நவம்பரின் அந்த வாரம் டெல்லி கண்ட மிக மோசமான வாரங்களில் ஒன்று. ஆனால் இவ்விரு முடிவுகளையும் பிரித்தது மாசு அளவு மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. ரஞ்சி ஆட்டத்தைக் கைவிட்டால் இரு மாநில அணிகளின் பயண ஏற்பாடு குலையும், அவ்வளவுதான். டெஸ்ட் ஆட்டத்தைக் கைவிட்டால் ஒளிபரப்பு வருவாய், நுழைவுச்சீட்டு, விளம்பர ஒப்பந்தம், எல்லாவற்றுக்கும் மேலாக நாட்டின் தலைநகரத்துக் காற்றில் ஆட முடியாது என்று உலகத்தின் முன் ஒப்புக்கொள்வது ஆகிய அனைத்தும் பொறுப்பாளர்களின் தலையில் விழும். சர்வதேசப் போட்டிகளில் காற்று மாசு குறித்த விவாதம் எங்கு எழுந்தாலும் மருத்துவத்தில் தொடங்கி, விரைவில் இந்தக் கணக்கில் வந்து நின்றுவிடுகிறது.

சேலத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் வென்றவர். சின்னப்பம்பட்டியின் நடராஜன் இந்திய அணிக்காகப் பந்து வீசியவர். இவர்களைப் பார்த்து வளரும் பிள்ளைகள் காந்தி விளையாட்டரங்கிலும் பள்ளி மைதானங்களிலும் தினமும் ஓடுகிறார்கள். 2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டுவிட்டது. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கேட்டு நிற்கிறது. இன்று பதினான்கு வயதில் ஏற்காடு மலைப்பாதையில் ஓடிப் பழகும் ஒரு பெண் அன்று எந்தக் காற்றில் ஓடப்போகிறாள் என்பது அவள் பெற்றோரும் பயிற்சியாளரும் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி.

கோட்லா ஆட்டத்தின்போது கிரிக்கெட் வாரியத் தரப்பிலிருந்து வந்த பதில்களில் ஒன்று, அரங்கில் இருந்த இருபதாயிரம் பார்வையாளர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லாதபோது இலங்கை அணி மட்டும் ஏன் இதைப் பெரிதுபடுத்துகிறது என்பது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியில்தான் விஷயத்தின் மருத்துவப் பகுதி முழுவதும் அடங்கியிருக்கிறது.

உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். கடுமையாக ஓடும் ஒருவருக்கு இது 100 லிட்டரைத் தாண்டுகிறது, உயர்நிலை வீரர்களிடம் 150 லிட்டருக்கும் மேலே போகிறது. அதாவது ஒரே அரங்கில், ஒரே காற்றில், ஓடுபவரின் நுரையீரலுக்குள் அமர்ந்திருப்பவரைப் போலப் பத்திலிருந்து இருபது மடங்கு மாசு இறங்குகிறது. அளவு மட்டுமல்ல, போகும் வழியும் மாறுகிறது. சாதாரணமாக மூச்சு விடும்போது மூக்கின் மயிரும் ஈரச்சவ்வும் தூசியில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஓட்டம் கடுமையானதும் வாயால் மூச்சு வாங்குவதால் அந்த வடிகட்டி கழன்றுவிடுகிறது, துகள்களும் ஆழமாகச் சென்று படிகின்றன. பி.எம்.2.5 என்று குறிக்கப்படும், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான குறுக்களவும் கொண்ட நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள்வரை போய்ச் சேர்பவை. அவற்றில் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கக்கூடும். தரைமட்ட ஓசோன் வேறு வகையானது. வண்டிப் புகையில் வெளிப்படும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து உருவாகும் அந்த வாயு, மூச்சுக்குழாயின் உட்சுவரை எரிச்சலூட்டிச் சுருங்கச் செய்கிறது. வெயில் கூடும் பிற்பகலில் அதன் அளவும் கூடும்.

ஓடும்போது மூச்சுக்குழாய் சுருங்கும் தொல்லை நீண்டதூர ஓட்டக்காரர்கள், மிதிவண்டி வீரர்கள், நீச்சல் வீரர்கள் ஆகியோரிடம் பொதுமக்களைவிட அதிகமாகவே காணப்படுகிறது. நலமானவர்களின் உச்சியில் நிற்பவர்கள் என்று நாம் நினைக்கும் இவர்கள், காற்றின் விஷயத்தில் மிக எளிதில் பாதிக்கப்படுபவர்களில் சேர்ந்தவர்கள். அமெரிக்க மராத்தான்களின் பல ஆண்டு முடிவுகளை மாசு அளவுகளோடு ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வொன்று, துகள் மாசு கூடியபோது பெண் ஓட்டக்காரர்களின் ஓட்ட நேரம் கூடியதைக் கண்டது. அந்தப் பந்தயங்கள் பெரும்பாலும் ஓரளவு தூய காற்றில் நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். மயங்கி விழுவதற்கு வெகு முன்பே காற்று விநாடிகளைத் திருடிவிடுகிறது. வாழ்நாள் உழைப்பின் பலன் விநாடிகளில் தீர்மானமாகும் துறையில் இது சிறிய இழப்பல்ல.

பீஜிங்கை எடுத்துக்கொள்வோம். இந்த விஷயத்தில் உலகம் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

2008 ஒலிம்பிக்குக்கு ஓராண்டு முன்பே, காற்று மோசமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் பந்தயங்களை ஒத்திவைக்க நேரிடலாம் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் ஜாக் ரோக் சொன்னார். 2008 மார்ச்சில், அன்றைய மராத்தான் உலக சாதனையாளரான எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி, தமக்கு ஆஸ்துமா இருப்பதால் பீஜிங் மாசில் மராத்தான் ஓடுவதில்லை என்று அறிவித்து, 10,000 மீட்டரில் மட்டும் கலந்துகொண்டு ஆறாவதாக வந்தார். அடுத்த மாதமே, செப்டம்பர் 28 அன்று, பெர்லினில் 2 மணி 3 நிமிடம் 59 விநாடியில் ஓடித் தம் உலக சாதனையைத் தாமே முறியடித்தார். அவர் எடுத்த முடிவு அவருக்குச் சரியாக இருந்தது. ஆனால் பீஜிங் மராத்தானும் கெட்டுப்போய்விடவில்லை. கென்யாவின் சாமுவேல் வாஞ்சிரு 2:06:32 என்ற ஒலிம்பிக் சாதனையோடு அங்கே வென்றார். கெப்ரசெலாசி வீணாகப் பயந்துவிட்டார் என்று அப்போது சிலர் பேசினார்கள். ஒருவருடைய மூச்சுக்குழாய் தாங்குவதை இன்னொருவருடையது தாங்க வேண்டும் என்று விதி கிடையாது. பந்தயம் தொடங்க ஆறு மாதம் இருக்கும்போது அன்றைய காற்று எப்படி இருக்கும் என்று அவருக்கு உறுதி அளிக்க ஒருவராலும் முடியவில்லை என்பதே அங்கு கவனிக்க வேண்டியது.

சீன அரசு செய்தவை மிகப் பெரிய அளவிலானவை. 2008 ஜூலை 20 முதல் செப்டம்பர் 20 வரை, பதிவெண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்துக் கார்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே ஓட அனுமதிக்கப்பட்டன. நகரிலும் சுற்றுப்புற மாகாணங்களிலும் ஆலைகள் மூடப்பட்டன அல்லது உற்பத்தியைக் குறைத்தன. கட்டுமான வேலைகள் நின்றன. ஷோகாங் இரும்பாலை உற்பத்தியைக் குறைத்துக்கொண்டது, பின்னர் ஹெபெய் கடற்கரைக்கே இடம்பெயர்ந்தது. காற்று தெளிவாகவே மேம்பட்டது. அதே சமயம், அந்த நாள்களின் மாசு ஏற்ற இறக்கத்தில் கட்டுப்பாடுகளைவிட மழைக்கும் காற்று வீசும் திசைக்கும் பங்கு அதிகம் என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. எவ்வளவு அதிகாரம் படைத்த அரசானாலும் பந்தயநாள் காற்றுக்கு முன்கூட்டியே உத்தரவாதம் தர முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

அந்த இரண்டு மாதம் மருத்துவ அறிவியலுக்கு ஓர் அரிய வாய்ப்பையும் தந்தது. பீஜிங்கில் நலமாயிருந்த இளம் மருத்துவர்கள் 125 பேரின் இரத்தத்தை ஒலிம்பிக்குக்கு முன்பும், நடக்கும்போதும், பின்பும் சோதித்தார்கள். கட்டுப்பாடுகள் இருந்தபோது உடலின் உள் அழற்சியையும் இரத்தம் உறைவதையும் காட்டும் குறியீடுகள் சில குறைந்தன, கட்டுப்பாடு நீங்கியதும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பின. கருவின் எட்டாம் மாதம் ஒலிம்பிக் காலத்தில் அமைந்த குழந்தைகள், அதற்கு முந்தைய, பிந்தைய ஆண்டுகளில் அதே நாள்களில் எட்டாம் மாதம் அமைந்தவர்களைவிடச் சராசரியாக 23 கிராம் எடை கூடியிருந்ததாக அந்தக் குழுவின் மற்றோர் ஆய்வு கண்டது. விருந்தாளிகளுக்காகத் துடைத்த காற்று ஊர்க்காரர்களுக்கும் நன்மை செய்தது. விருந்தாளிகள் போனபின் அது திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. ஒற்றை–இரட்டை முறை முடிந்து, வாரத்தில் ஒருநாள் வண்டியை நிறுத்திவைக்கும் விதி மட்டும் மிஞ்சியது. பி.எம்.2.5க்கான தேசியத் தர அளவைச் சீனா 2012இல்தான் அறிவித்தது. பீஜிங்கின் ஆண்டுச் சராசரி 2013இல் கனமீட்டருக்கு 89.5 மைக்ரோகிராமாக இருந்து 2021இல் 33 ஆக இறங்கியது. அதைச் செய்தது ஒலிம்பிக் அல்ல, அதற்குப் பின் பல ஆண்டுகள் விடாமல் நடந்த நிலக்கரிக் கட்டுப்பாடு.

பீஜிங் ஒலிம்பிக்கில் இன்னொரு சம்பவமும் உண்டு. அமெரிக்க மிதிவண்டி அணியினர் நால்வர் விமான நிலையத்தில் முகக்கவசத்தோடு வந்து இறங்கினார்கள். அது விருந்தளிக்கும் நாட்டை அவமதிப்பதாகப் பேச்சு எழுந்தது, அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். தம் நுரையீரலைப் பாதுகாத்துக்கொண்டதற்காக விளையாட்டு வீரர்கள் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது என்றால், அங்கே உடல்நலக் கேள்வி அரசியல் கேள்வியாக மாறிவிட்டது என்று பொருள். ஒன்பது ஆண்டு கழித்துக் கோட்லாவில் இலங்கை வீரர்கள் நடிக்கிறார்கள் என்று அரங்கிலிருந்தும் வர்ணனையிலிருந்தும் எழுந்த குரல்களும் இதே வகையைச் சேர்ந்தவை. 2026 ஜனவரியில் டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆண்டன்சன், டெல்லியின் மாசைக் காரணம் சொல்லி இந்திய ஓபன் பாட்மிண்டனிலிருந்து விலகினார். முன்னணி வீரர்கள் கட்டாயம் ஆட வேண்டிய போட்டி என்பதால் உலகக் கூட்டமைப்பு அவருக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தத் தொகையை அவரால் கட்டிவிட முடியும். அவருடைய தரவரிசையோ பணமோ இல்லாத, தேசிய முகாமில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் ஓர் இளம் இந்திய வீராங்கனை இந்தக் காற்றில் என்னால் ஆட முடியாது என்று சொன்னால் அவளுக்கு என்ன நேரும் என்பதை யோசித்தால், நம் வீரர்களின் மௌனம் ஏன் என்று விளங்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய இடத்தில் வீரர்களின் துணிச்சலை நம்பியிருக்கக் கூடாது. எழுதி வைத்த ஓர் எண் வேண்டும். கிரிக்கெட் விதிகளின்படி களமோ, வானிலையோ, வெளிச்சமோ ஆபத்தானதாக அல்லது ஆடத் தகாததாக இருப்பதாக நடுவர்கள் கருதினால் ஆட்டத்தை நிறுத்தலாம். வெளிச்சத்தை அளக்க அவர்கள் கையில் கருவி இருக்கிறது. காற்றை அளக்க இல்லை. 2025 டிசம்பர் 17 அன்று லக்னோவில் இந்தியா–தென்னாப்பிரிக்கா இருபது ஓவர் ஆட்டம் கைவிடப்பட்டபோதும், நடுவர்கள் பலமுறை களத்தைப் பார்வையிட்டுச் சொன்ன காரணம் பனிமூட்டம். பந்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆட்டம் நிற்கும், காற்று மூச்சுக்கு ஆகாவிட்டாலும் பந்து தெரிந்தால் ஆட்டம் தொடரலாம் என்ற நிலையில்தான் இன்றைய விதி இருக்கிறது.

ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் அமைப்பாளர்கள் வேறு பாதையில் போனார்கள். 2020 ஜனவரியில் காட்டுத்தீப் புகை மெல்பர்னை மூடியிருந்தபோது, தகுதிச் சுற்றில் முன்னிலையில் இருந்த ஸ்லோவேனியாவின் தலிலா யாகுபோவிச் இருமல் தாங்காமல் மண்டியிட்டு ஆட்டத்திலிருந்து விலகினார். அந்தக் காட்சி எழுப்பிய கோபத்தின் நடுவே, பி.எம்.2.5 அளவு 200ஐத் தொட்டால் ஆட்டம் நிறுத்தப்படும் என்ற கொள்கை வெளியிடப்பட்டது. அந்த அளவு மிகத் தாராளமானது என்பது என் கருத்து. இருந்தாலும் எண் என்று ஒன்று இருப்பதால் அதை எதிர்த்து வாதிடவாவது முடிகிறது. 2023 ஜூனில் கனடாவின் காட்டுத்தீப் புகை நியூயார்க்கை ஆரஞ்சு நிறத்தில் மூழ்கடித்தபோது, அங்கு நடக்கவிருந்த பேஸ்பால் ஆட்டம் அன்றே ஒத்திவைக்கப்பட்டது. நகரத்தின் பெருமை குறைந்துவிட்டதாக யாரும் புலம்பவில்லை. புகை அண்டை நாட்டிலிருந்து வந்தது என்பது அங்கே முடிவை எளிதாக்கியிருக்கலாம். தன் அடுப்புப் புகையை ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

எண்ணைச் சொல்லும்போது அது எந்த அளவுகோலின் எண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டலின்படி 24 மணி நேரத்துக்கான பி.எம்.2.5 சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. இந்தியத் தர அளவு 60. ஆண்டுச் சராசரிக்கு அங்கே 5, இங்கே 40. ஒரு நாளின் சராசரி சரியாக 60 என்றால் இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் அது 100, அதாவது திருப்திகரம். அதே காற்றை அமெரிக்கக் குறியீட்டில் போட்டால் 150ஐத் தாண்டி, அனைவருக்கும் நலக்கேடானது என்ற வகையில் விழும். வெளிநாட்டு அணி தன் செயலியைப் பார்த்து அஞ்சுவதும், நம் அதிகாரி தன் செயலியைப் பார்த்துக் கவலையில்லை என்பதும் இதனால் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆகவே போட்டி ஒப்பந்தங்களில் குறியீட்டெண்ணுக்குப் பதிலாக மைக்ரோகிராம் அளவையே எழுத வேண்டும். அதுவும் 24 மணி நேரச் சராசரியாக இருந்தால் போதாது. ஓடுபவர் சுவாசிப்பது அந்த ஒரு மணி நேரக் காற்றை.

வேறு நகரங்களின் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிரிட்டனின் ஸ்டீவ் ஓவெட் 800 மீட்டர் இறுதிக்குப்பின் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனார், பின்னர் 1500 மீட்டர் இறுதியிலும் பாதியில் நின்றார். 1996இல் அட்லாண்டாவில் பொதுப் போக்குவரத்தைப் பெருக்கிக் கார்களைக் குறைத்தபோது உச்ச ஓசோன் அளவு 28 விழுக்காடு குறைந்து, குழந்தைகளின் ஆஸ்துமா சிகிச்சைகளும் குறைந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. வானிலையே அதற்குப் பெரிதும் காரணம் என்று பின்னாளில் வந்த ஆய்வு ஐயம் எழுப்பியது. டெல்லியிலும் நல்லது நடக்காமல் இல்லை. நகரக் காற்றை அளந்து முன்கூட்டியே கணித்துச் சொல்லும் சஃபர் என்ற அமைப்பு 2010 காமன்வெல்த் போட்டிக்காகத்தான் நிறுவப்பட்டது. விளையாட்டு முடிந்த பின்னும் அது நின்று ஊருக்கு உதவியது. போட்டிகள் விட்டுச்செல்ல வேண்டியவை இவைபோன்றவையே.

டெல்லி அரை மராத்தான் சொல்லும் பாடமும் முக்கியமானது. 2017 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் அதை ஒத்திவைக்கச் சொல்லியும், உயர்நீதிமன்றம் தடை விதிக்காததால், அது குறித்த நாளிலேயே நடந்தது. மறு ஆண்டிலிருந்து அமைப்பாளர்கள் அதை அக்டோபருக்கு முன்தள்ளினார்கள். பஞ்சாப், அரியானா வயல்களில் பயிர்த்தாள் எரிப்பு உச்சத்துக்குப் போகுமுன், தீபாவளி வெடிக்குமுன், குளிர்காலக் காற்று உறைந்து நிற்குமுன் ஓட்டம் முடிந்துவிடும். தேதியை மாற்றுவதைவிட மலிவான தீர்வு இல்லை. 2025இல் கிரிக்கெட் வாரியமும் நவம்பரில் டெல்லியில் நடக்கவிருந்த தென்னாப்பிரிக்கா டெஸ்ட்டைக் கொல்கத்தாவுக்கும், கொல்கத்தாவின் அக்டோபர் டெஸ்ட்டை டெல்லிக்கும் மாற்றியது. முடிவு நல்லதுதான். காற்றே காரணம் என்று பரவலாகக் கருதப்பட்டபோதும் அதை வாரியம் விரித்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது அடுத்த ஆண்டுக்கும் பொருந்தும் விதியாகியிருக்கும். அதே நவம்பரில், டெல்லிப் பள்ளிகளின் திறந்தவெளி விளையாட்டுப் போட்டிகளைப் பாதுகாப்பான மாதங்களுக்குத் தள்ளுவது குறித்து ஆராயுமாறு உச்ச நீதிமன்றம் காற்றுத்தர ஆணையத்தைக் கேட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டப்படும் இந்த அக்கறை, நாட்டுக்காக ஆட வருகிறவர்களுக்கும் விதியாக வந்து சேர வேண்டும்.

இவையெல்லாம் வடக்கத்திய விவகாரம், நமக்கென்ன என்று சேலத்தில் இருப்பவர்கள் சொல்லிவிடலாம். டெல்லியோடு ஒப்பிட்டால் இங்குள்ள காற்று எவ்வளவோ மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊரின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் சூழ்ந்த பள்ளத்தில் நகரம் இருக்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தேங்குகிறது. மேலே வெதுவெதுப்பான அடுக்கு மூடிபோல் அமர்ந்துகொள்ள, வண்டிப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் வெள்ளைக்கல் எடுக்கும் பகுதிகளின் தூசியும் வெயில் ஏறும்வரை கலைய வழியில்லாமல் தங்கிவிடுகின்றன. பெங்களூர், கோவை, உளுந்தூர்ப்பேட்டை, நாமக்கல் சாலைகள் எல்லாம் இங்கே கூடுவதால் லாரிப் போக்குவரத்து இரவிலும் ஓய்வதில்லை. விடியற்காலைக் காற்றுதான் தூய்மையானது என்று நம் பயிற்சியாளர்கள் பல தலைமுறையாக நம்பி, பிள்ளைகளை ஐந்து மணிக்கே மைதானத்துக்கு வரச்சொல்கிறார்கள். வெப்பத்தைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. குளிர்கால நுண்துகளைப் பொறுத்தவரை, காற்று தேங்கும் பள்ளத்தாக்கு ஊர்களில் விடியலை ஒட்டிய நேரம் பெரும்பாலும் நாளின் மோசமான நேரங்களில் ஒன்று. அந்த இரண்டு மாதம் மட்டும் கடும்பயிற்சியை வெயில் ஏறத் தொடங்கும் நேரத்துக்குத் தள்ளிவைத்தால் பிள்ளைகளுக்கு நல்லது.

ஏற்காடு இதற்கு மாற்றாகத் தோன்றலாம். நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவிலும் ஏற்காடு 1,500 மீட்டர் அளவிலும் இருக்கின்றன. தேங்கும் புகை அடுக்குக்கு மேலே நிற்பதால் குளிர்காலக் காலைகளில் அங்குள்ள காற்று பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஓடுவதற்கு இதமான குளிரும் உண்டு. ஆனால் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஓடுகிறவர்கள், முதல் கியரில் முக்கி ஏறும் பேருந்துக்குப் பின்னால் சிக்கினால் அந்தப் பலன் அத்தனையும் போய்விடும். கோடை விழாக் கூட்டம் வரும் மே மாதத்தில் மலைச்சாலையைவிட மேலே காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் கிளைச்சாலைகள் ஓடுவதற்கு உகந்தவை. மாசி, பங்குனியில் காய்ந்த சரிவுகளில் தீ பிடிக்கும் நாள்களில் மலையிலும் ஓடக்கூடாது. விறகுப் புகையின் நுண்துகளும் டீசல் புகையின் நுண்துகளைப் போலவே நுரையீரலுக்குள் போகும்.

நகரில் தொடர்ந்து காற்றை அளக்கும் அரசு நிலையம் சோனா தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதன் அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் எவரும் பார்க்கலாம். மாவட்டம் முழுவதற்கும் அந்த ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. அனல்மின் நிலையமும் வேதியியல் ஆலைகளும் உள்ள மேட்டூரின் காற்று வேறு, வாழப்பாடியின் காற்று வேறு. மாவட்ட அளவிலான போட்டி நடக்கும் ஒவ்வொரு மைதானத்திலும் சிறிய துகள்மானி ஒன்றை வைப்பதற்கு ஆகும் செலவு, அந்தப் போட்டியின் மேடை அலங்காரச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். அத்தகைய மலிவான கருவிகள் ஈரப்பதம் கூடிய நாள்களில் அளவை மிகைத்துக் காட்டும் என்பதால், அரசு நிலையத்தின் அளவோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

அகமதாபாத்துக்குச் செய்ய வேண்டியதும் அளவில் பெரியதே தவிர வகையில் வேறல்ல. போட்டி அட்டவணை இறுதியாகுமுன், ஒவ்வொரு அரங்கிலும் நீண்டதூரப் பாதையிலும் குறைந்தது இரண்டு ஆண்டின் மணிவாரி அளவுகள் திரட்டி வெளியிடப்பட வேண்டும். உலகத் தடகள அமைப்பு 2018 முதல் அரங்குகளில் காற்றளவுக் கருவிகளை நிறுவி வருவதால் அதற்கான முறையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எந்த அளவில் எந்தப் பந்தயம் தள்ளிவைக்கப்படும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நிறுத்தும் முடிவு அமைப்புக் குழுவிடமும் அரசிடமும் இல்லாமல், இரண்டிடமும் சம்பளம் வாங்காத மருத்துவக் குழுவிடம் இருக்க வேண்டும். விலகும் வீரருக்கு அபராதமோ தேர்வில் பாதகமோ இல்லை என்பதும் அதே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

உள்ளூர்ப் பயிற்சியாளருக்கு இத்தனை சிக்கல் இல்லை. அவர் நிறுத்து என்றால் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. எந்த எண்ணில் நிறுத்துவது என்று கேட்டால், அந்த மணி நேரத்தின் பி.எம்.2.5 அளவு 35ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு வேகப்பயிற்சியைக் குறைப்பதும், 60ஐத் தாண்டினால் அனைவருக்கும் நீண்ட ஓட்டத்தை விட்டுவிட்டு வலுப்பயிற்சிக்கு மாறுவதும், 90க்கு மேல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதும் எனக்குச் சரியெனப் படுகின்றன. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் யார் யார் என்ற பட்டியலையும், அவர்களுக்கு மருத்துவர் எழுதித்தந்த இன்ஹேலரையும் மைதானத்திலேயே வைத்திருப்பதை இந்த வாரமே தொடங்கிவிடலாம்.